மண்டபத்துக்காரரின் இடது கால்

என் வீட்டுக்காரர் கல்யாணங்களில் பாட்டுப் போடுகிறவர். டி.ஜே. என்றதும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையில் குதிக்கிற ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் அரைக்கைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, தலையைப் படிய வாரி, ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்தில் இவரைக் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்து, மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

முக்காலி குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதில் உட்கார்ந்தால் மேஜைகளுக்கு அடியில் விருந்தாளிகளின் கால்கள் தெரியும். இவர் தொழிலே அந்தக் கால்களில்தான் இருக்கிறது. யார் முகத்தையும் பார்க்க மாட்டார். “முகம் மரியாதைக்குச் சிரிக்கும்மா. கால் அப்படி இல்ல” என்பார். முதல் பாட்டைப் போட்டுவிட்டு எந்தக் கால் அசைகிறது, எந்தக் கால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் துழாவுவார். பெரிசுகளின் கால் முதலில் அசைய வேண்டும், பிறகு நடுவயசுக்காரர்கள், கடைசியில்தான் இளவட்டங்கள். வரிசை மாறினால் பெரிசுகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை.

வண்டி ஓட்டுவதும் கடைசி வரிசையில் நிற்பதும் என் வேலை. அங்கே இரண்டு அத்தைகள் ஒருத்தி காதில் ஒருத்தி வாயை வைக்காமல் ஊர்வம்பு பேச முடிந்தால் சத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் நான் என் காதைத் தொடுவேன், இவர் குறைப்பார். வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காத மனிதர், மண்டபத்தில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பார்.

வீடு என்றதும் எங்கள் காலைப் பாட்டு ஞாபகம் வருகிறது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையல் பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது. “இதோ போறேன்” என்றவர், பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆத்திரம். இவர் வழக்கப்படி என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. “இந்தப் பாட்டு உனக்கு இவ்வளவு புடிக்குமா? சொல்லவே இல்லையே” என்று உச்சி குளிர்ந்துபோனார். அன்றிலிருந்து தினமும் நான் அடுப்பைப் பற்றவைக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார். ஒரு பெண்குரல் மூக்கால் இழுத்து இழுத்துப் பாடும். உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். அவ்வளவு ஆசையாகப் போடுகிறவரிடம் எப்படிச் சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருஷம் இவருடைய இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்பீக்கர் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஆளுயரம். அதைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் படியேறிய இடுப்பு எத்தனை காலம் தாங்கும்? இனிமேல் பெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். “மாப்ள, பேசாம நம்ம கடையில வந்து உக்காருங்க. நிழலா இருக்கும்” என்றார். இவர் சரி என்று தலையை ஆட்டினார். அன்று இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “டைல்ஸ் கடையிலயும் நாள் முழுக்கத் தரையையே பாத்துட்டு இருக்கலாமே” என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பாட்டை விட்டுவிட்டால் இந்த மனிதர் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துபோவார் என்று எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் புதுசாகக் கட்டிய ஒரு மண்டபத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டனுப்பினார். மண்டபத்துக்கென்று நிரந்தரமாக ஒரு பாட்டுக்காரர் வேண்டுமாம். தரைத்தளத்திலேயே அதற்குத் தனி அறை. பெட்டிகளை ஒருமுறை இறக்கிவைத்தால் போதும், திரும்பத் தூக்கவே வேண்டாம். “முதல்ல எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போடுங்க. அதப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

கல்யாண விருந்து மத்தியானம் வைத்திருந்தார்கள். என் அண்ணன் கடை ஆட்கள் வந்து பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மண்டபத்துக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் அவருடைய இடது கால் தட்ட ஆரம்பித்துவிட்டது. பளபளவென்று புது ஷூ. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாகக் கொஞ்சம் வேகமான பாட்டைப் போட்டார். கால் இன்னும் வேகமாகத் தட்டியது. அதைவிட வேகமாக ஒன்று போட்டார். கால் பறந்தது. மற்ற மேஜைகளில் பெரிசுகள் நெளிய ஆரம்பித்ததை இவர் கவனிக்கவேயில்லை. கடைசி வரிசையில் நின்ற என்னைப் பார்த்து, வேலை கிடைத்த மாதிரிதான் என்று கண்ணைச் சிமிட்டினார்.

அப்படித் தட்டுகிற காலை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்வீட்டு அத்தை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பொண்ணு அப்பாவோட அண்ணன் வருவாரான்னு தெரியல. வீட்டப் பிரிச்சதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. பொண்ணு நேர்ல போயி, ‘பெரியப்பா, நீங்க வரலன்னா நான் சாப்பிட மாட்டேன்’னு சொல்லிட்டு வந்திருக்கு.”

வாசல் கதவு திறந்தது. மண்டபத்துக்காரரின் கால் சட்டென்று நின்றது. வந்தது ஐஸ் வாளி தூக்கிக்கொண்டு ஒரு பணியாள். கால் மறுபடி தட்ட ஆரம்பித்தது. இதற்கெல்லாம் எங்களிடம் சைகை ஏது? நான் நேரே இவரிடம் நடந்தேன்.

“என்னங்க, அது தாளம் இல்ல.”

“என்ன சொல்ற? பாட்டு ஏற ஏறக் காலும் ஏறுது பாரு.”

“நேரம் ஏற ஏற ஏறுதுங்க. அண்ணன் வருவாரா மாட்டாரான்னு தவிச்சிட்டு இருக்காரு. கதவு தொறக்கும்போது அந்தக் காலப் பாருங்க.”

பார்த்தார். கதவு திறந்தது, கால் நின்றது. கதவு மூடியது, கால் தட்டியது. இவர் முகம் தொங்கிப்போனது. வேகப் பாட்டை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு, மேஜைப் பேச்சுக்கு இடம் விடுகிற மாதிரி சன்னமாக ஒன்றைப் போட்டார். பெரிசுகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணன் வந்தே விட்டார். கசங்கிய சட்டை, கையில் ஒரு சின்னப் பரிசுப் பொட்டலம். வாசலைத் தாண்டி இரண்டடி வைத்து நின்றுவிட்டார். மண்டபமே பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தது. மண்டபத்துக்காரர் எழுந்து பாதி தூரம் போய் அவரும் நின்றுவிட்டார். இத்தனை கண்களுக்கு நடுவில் யார் முதலில் வாய் திறப்பது? அண்ணனின் கால் வாசல் பக்கம் திரும்புவதை நானே பார்த்தேன்.

எங்களிடம் ஒரு பாட்டு உண்டு. எல்லாக் கல்யாணத்திலும் அதைக் கடைசியில்தான் போடுவார். அதைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறவர்களை நான் கண்டதில்லை. அதைப் போட்டுவிட்டால் அப்புறம் போட ஒன்றுமில்லை என்பதால் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். அந்தப் பாட்டை அப்போது போட்டார். வரிசையாவது மண்ணாவது, இளவட்டம், பெரிசு, சம்பந்திகள் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சத்தத்தையும் ஏற்றினார். என் பக்கத்து அத்தைகள் ஒருத்தி காதில் ஒருத்தி வாயை வைத்துக் கத்தினார்கள். என் கை தானாகக் காதுக்குப் போனது. நான் அதைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

ஆடுகிற கூட்டத்துக்கு அந்தப்பக்கம் அண்ணனின் வாய் அசைந்தது. தம்பிக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அண்ணன் மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்து இழுத்து, காதோரம் வாயை வைத்து என்னவோ சொன்னார். தம்பி தலையை ஆட்டிக்கொண்டே அழுதார். ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

விருந்து முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்காரர் வந்தார். புது ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“என்ன பாட்டு போட்டீங்கன்னு சத்தியமா எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லைங்க” என்றார். எனக்குத் திக்கென்றது. “ஒயர எதுக்குச் சுருட்டுறீங்க? பெட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும்.”

வெறும் வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டு வீட்டுக்குப் போனது. பாதி வழியில் இவர் மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, அது தாளம் இல்லன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு கேஸ் தீர்ந்த கதையைச் சொன்னேன்.

“அப்போ நம்ம காலைப் பாட்டு?”

“கோவம்.”

“இத்தன வருஷமாவா?” என்றார்.

மறுநாள் காலை எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பாட்டு இல்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூடத்தில் இவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை ஓடவில்லை, உப்பை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. சமையலறை வாசலில் போய் நின்று காலைத் தட்டினேன்.

இவர் என் காலைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, காலோடு நிறுத்தாமல் நிமிர்ந்து முகத்தையும் பார்த்தார்.

“கோவமாம்மா?”

“ஆமா. பாட்டு எங்க?”