இரண்டாவது பேஸில் நிற்பவள்

இந்த நாட்டில் ஒரு பிள்ளையை யாரும் தொடாமலே ஆட்டமிழக்கச் செய்துவிடுகிறார்கள். ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னாலுள்ள பூங்காவில் என் மகள் ஆரணி பேஸ்போல் விளையாடுகிறாள். நான் போன முதல் நாள், முதலாவது பேஸில் நின்ற ஒரு பிள்ளை, இன்னொருத்தி பந்தை அடித்ததும், இரண்டாவதை நோக்கி ஓடினாள். அவள் போய்ச் சேருமுன் எதிரணிப் பிள்ளை பந்தைப் பிடித்தபடி அந்த வெள்ளைச் சதுரத்தை மிதித்தாள். அவ்வளவுதான், அவுட். கிளிநொச்சியில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் தடியால் பந்தடித்து விளையாடிய எல்லேயில் ஓடுகிறவள்மீது பந்து பட்டாக வேண்டும். பட்டதா இல்லையா என்று பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிப்போம்.

பக்கத்து மடிப்புக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரத் தாயிடம் என் ஆங்கிலத்தில் காரணம் கேட்டேன்.

"அவளுக்கு வேறு வழியில்லை. அடித்தவள் பின்னால் வருகிறாள், இருந்தவள் இடம்விட்டுப் போகத்தான் வேண்டும். அதனால் தொடத் தேவையில்லை" என்றார்.

"எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, நீங்களும் விளையாடியிருக்கிறீர்களா?"

நான் தலையாட்டினேன்.

கடைசிச் சண்டையில் இரணைமடுப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து உழவு இயந்திரங்களில் வரத் தொடங்கியதும் நாங்கள் கிளிநொச்சியில் கூரைத் தகரத்தைக் கழற்றினோம். நாங்கள் தருமபுரத்தில் போய் இறங்க, அங்கிருந்தவர்கள் விசுவமடுவுக்கு வெளிக்கிட்டார்கள். யாரும் யாரையும் எழும்பச் சொன்னதில்லை. பின்னால் வருகிறவர்களின் பானை சட்டிச் சத்தமே போதும். விசுவமடுவில் என் தம்பி சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே சொன்னான்: "நீங்கள் அம்மாவோட முன்னால போங்கோ அக்கா. நான் பின்னால வாறன்." அவன் இன்னும் வந்து சேரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆரணி இரண்டாவது பேஸில் நின்றாள். முதலாவதில் யாருமில்லை. அடித்த பந்து நிலத்தில் உருண்டு மூன்றாவது பேஸ் பக்கம் போனது. அவள் அசையவில்லை. நான் எழும்பிவிட்டேன். "ஓடு பிள்ளை! நிக்காதை, ஓடு!" அவள் ஓடினாள். மூன்றாவதில் நின்ற பிள்ளை பந்தோடு காத்திருந்து, கையுறையால் அவள் தோளைத் தொட்டாள். மெதுவாகத்தான் தொட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரணி சொன்னாள்: "இனி மேச்சுக்கு வராதேங்கோ அம்மா."

"ஏனடி?"

"கோச் நில் எண்டு கத்துறார். நீங்க ஓடு எண்டு கத்துறியள். அவர் இங்கிலீசில கத்தினா யோசிப்பன். நீங்க தமிழில கத்தினா ஓடிப்போடுவன்."

அவளின் அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை. பூங்காவில் அந்தக் கதிரையும் இல்லையென்றால் கிழமை முழுக்க நான் மனிதர் நடுவில் இருக்கும் இடம் வேறொன்றில்லை.

"விளங்கப்படுத்து. விளங்கினா வரலாமோ?"

அவள் குசினி மேசையில் தேநீர்த் தட்டுகளைப் பரப்பி, ஒன்றில் ஒரு கச்சான் கொட்டையை வைத்தாள். "இது நான், ரெண்டாவதில. முதலாவது வெறுமை. அடிச்சவ அங்க வந்து நிப்பா. பந்து உருளுது. நான் என்ன செய்யவேணும்?"

"ஓடவேணும்."

"ஐயோ அம்மா! பின்னால தள்ளிக்கொண்டு ஆர் வாறது?"

அவள் ஆட்டத்தைத்தான் கேட்டாள். கச்சானுக்குப் பின்னாலிருந்த வெறும் தட்டைப் பார்த்து, "ஒருத்தரும் இல்லை" என்றேன். இத்தனை வருடத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப நிக்கலாம். கால் பேஸில இருந்தா அவை பந்தோட வந்து தொட்டாலும் அவுட் இல்லை. நாங்களா வெளியால போனாத்தான் பிடிப்பினம்."

அடுத்த சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போனாள். அதேபோல் இரண்டாவதில் நின்றாள், முதலாவது வெறுமை, பந்து உருண்டது. நான் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டேன். அவள் நின்றாள். நிறைய நேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு என்னைத் தேடிக் கதிரைகள் பக்கம் பார்த்தாள். நான் அங்கே இல்லை. கதிரையை மடித்துக் கக்கத்தில் இடுக்கி, அவளின் ஜாக்கெட், தண்ணீர்ப் போத்தல், பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பூங்கா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் என்னைக் கண்டதும், பேஸிலிருந்து காலை எடுக்காமல் ஆரணி உள்ளங்கையைக் காட்டினாள், நில் என்று. நின்றேன். கதிரையை விரிக்கத்தான் கை வரவில்லை.