அண்ணன் சுவரும் எங்கள் ஷீட்டும்

வீட்டைப் பாகம் பிரித்தபோது என் கணவரின் அண்ணனுக்குப் பழைய வீடு, எங்களுக்குப் பின்கட்டு. அவர் சுவரை ஒட்டித் தகர ஷீட் இறக்கித் தறி போட்டோம். அன்று பிடித்தது சனியன். ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் ஐப்பசி தவறாமல் ஒழுகும், அதுவும் குறி பார்த்தாற்போல் தறியில் பூட்டிய பாவு நூலின் மேல்.

கணவர் கோர்வைப் புடவை நெய்கிறவர். புடவையே கிழிந்தாலும் கரை பிரியாதபடி இழையோடு இழை கோத்துச் சேர்க்கிற கை. கூரையையும் அப்படியே சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். சிமெண்ட் அப்பினார், தார் ஊற்றினார், டியூபில் வரும் பசையைப் பிதுக்கினார்.

"இந்த வாட்டி கோர்வ மாதிரி புடிச்சிக்கினு நிக்கும், பாரு" என்பார்.

வெயிலில் ஷீட் நீளும், வெயில் தாழ்ந்தால் சுருங்கும். பழைய சுண்ணாம்புச் சுவர் அசையாது. ஆடி முடிவதற்குள் விரிசல் விட்டுவிடும். எனக்குச் சலித்துவிட்டது. போன மழையில் பாவில் சாயம் இறங்கியது. இன்னொரு முறை நனைந்தால் பாவே தரமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவு இல்லையென்றால் தறி சும்மா நிற்கும், நாங்களும்தான்.

மாகறலிலிருந்து கொத்தனார் வந்து பார்த்தார். "ஷீட்ட செவுத்தோட ஒட்டவே கூடாதும்மா. செவுத்துல நீளப் பள்ளமா காடி வெட்டி ஒரு தகரத்த சொருவணும். அது ஷீட்டு மேல சும்மா கவுந்துக்கினு இருந்தா போதும்."

"அண்ணன் செவுத்துல உளி வெக்கறதா? வேணாம்பா" என்றார் கணவர்.

பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இத்தனை வருடமாக அப்பிய சிமெண்டெல்லாம் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தப்பிக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

நானே அவர் அண்ணனிடம் போனேன். "மாமா, உங்க செவுத்துல கொஞ்சம் வெட்டிக்கட்டுமா? பாவு நனையுது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏன், அவன் வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றார். பிறகு, "வெட்டிக்கோம்மா" என்றார்.

தகரம் செருகியாயிற்று. முதல் மழை கொட்டியபோது பாவைத் தடவியபடியே நின்றேன். காய்ந்துதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய், ஒழுவுதாடா?"

கணவர் நெய்வதை நிறுத்தினார். "இல்லண்ணா."

அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு மழைக்கும் அவர் கேட்கிறார், இவர் இல்லை என்கிறார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. கொஞ்சம் ஒழுகித் தொலைத்தால்கூடத் தேவலை, இன்னும் நாலு வார்த்தை பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.