‘காரியம்’ ஃபைலும் பாவாயி அம்மாளின் படமும்

நாமக்கல்லில் ஓர் அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் டி.டி.பி. ஆபரேட்டராக உட்கார்ந்தவள் நான். ஃபைலைத் தொலைத்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கூனிக் குறுகிப் போகிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

1. ஒரே ஃபைல்

அது பேஜ்மேக்கர் என்ற சாஃப்ட்வேரில் பக்கம் அமைத்த காலம். கம்ப்யூட்டருக்காக ஏ.சி. போட்ட சின்ன அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாமக்கல் வெயிலில் வந்து அந்தக் குளிரில் உட்காரும் சுகத்துக்காகவே லீவு போடாமல் வேலைக்குப் போன ஆள் நான். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

கருமாதிப் பத்திரிகைக்கென்று ‘காரியம்’ என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்தேன். புது ஆர்டர் வந்தால் அதைத் திறந்து, முன்னால் இறந்தவரின் பெயரையும் ஊரையும் அழித்துவிட்டுப் புதியதை அடிப்பேன். படத்தை ஸ்கேன் செய்து, பழைய படத்தின் பெயரிலேயே சேமிப்பேன். அது தானாகக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கன்ட்ரோல் எஸ். அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் கார்டு ரெடி! எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

சனிக்கிழமையானால் முதலாளி அண்ணன் கதவருகே நின்று கேட்பார்.

“ஏம்மிணி, பேக்கப் எடுத்தாச்சா?”

“ஆச்சுங்கண்ணா.”

பொய்யில்லை. வாராவாரம் சி.டி. எழுதி, மேலே தேதி போட்டு, டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன்.

2. சி.டி.யில் வந்தவர்

ஒரு நாள் காலையில் மோகனூர்ப் பக்கத்திலிருந்து நல்லசாமி என்பவர் வந்தார். கரும்பு வெட்டுகிறவர். சில மாதங்களுக்கு முன் அவர் மனைவியின் கருமாதிப் பத்திரிகையை நாங்கள்தான் அடித்துக் கொடுத்திருந்தோம்.

“அம்மிணி, ஆத்துத் தண்ணி ஊட்டுக்குள்ள பூந்து, மாட்டியிருந்த பாவாயி படம் ஊறிப் போச்சுங்க. அவ போட்டோ புடிச்சதே அது ஒண்ணுதானுங்க. உங்க பொட்டியில இருக்குமில்லீங்க, அதைய ஒண்ணு போட்டுக் குடுங்க.”

“அதுக்கென்னங்க, ரெண்டு நிமிஷம்” என்றேன். அந்த வாரத்து சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டு, ஃபைலைத் திறந்தேன். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒரு பெரியவர் வந்தார்.

நல்லசாமி திரையை உற்றுப் பார்த்தார். “இது யாருங்க?”

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, ஏ.சி.யாவது ஒன்றாவது. பாவாயி அம்மாளின் கார்டு திங்கட்கிழமை போட்டது. வியாழக்கிழமை இந்தப் பெரியவரின் கார்டை அதன் மேலேயே போட்டிருக்கிறேன். சனிக்கிழமை சி.டி. எழுதியபோது அந்த அம்மாள் ஃபைலிலேயே இல்லை. இத்தனை சி.டி.யிலும் வாரத்துக்கு ஒருவர்தான் இருக்கிறார்.

“அச்சடிச்ச கார்டு ஒண்ணு வெச்சிருக்கீங்களா?”

“கருமாதிக் காயிதத்தை யாருங்க ஊட்ல வெப்பாங்க? படிச்சதும் கிழிச்சுப் போட்டுருவாங்கல்ல.” திரையை மறுபடியும் பார்த்தார். “அப்ப, அவ இல்லீங்களா அம்மிணி?”

அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

3. கம்பியில் குத்திய தாள்

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

“வாராவாரம் ஆச்சுங்கண்ணா, ஆச்சுங்கண்ணான்னியே! எதைய எடுத்த?”

திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிப் பரண் மேல் ஏறினார். பெயரில் பிழை என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாதே என்று, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட புரூஃப் தாள்களையெல்லாம் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். அதைக் குப்பை என்று நான் எத்தனை நாள் கேலி பேசியிருக்கிறேன்! தும்மித் தும்மி ஒரு மணி நேரம் தேடியதில் நல்லசாமி கையெழுத்துப் போட்ட தாள் கிடைத்தது. கம்பி போன ஓட்டை பெயரில் விழுந்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

லேசர் பிரிண்ட்தான், முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. அதை ஸ்கேன் செய்து இரண்டு நாள் உட்கார்ந்து சரி செய்தேன். கண்ணுக்கு மட்டும் அரை நாள் ஆனது. பார்த்திராத கண்ணை இட்டுக்கட்ட மனசு வரவில்லை, இருந்ததைத்தான் துலக்கினேன்.

மூன்றாம் நாள் வந்த நல்லசாமி படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு, கதவு வரைக்கும் பின்னால் போய் நின்று பார்த்தார்.

“கிட்டத்துல பாத்தா யாரோதானுங்க. தள்ளி நின்னா அவளேதான்.”

நான் இரண்டு பிரதி போட்டு வைத்திருந்தேன். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடமே நீட்டினார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. மறுக்காத் தண்ணி வந்துச்சுன்னா நான் எங்க போவேன்?”

தொலைத்தவளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொள்ளக் கை கூசியது.

இப்போது பென்டிரைவ், கிளவுடு என்று எவ்வளவோ வந்துவிட்டது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பெயரில் ஃபைல் வையுங்கள், படத்தையும் கூடவே வையுங்கள். காப்பி எடுத்ததும் அதை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கிற முகத்தைப் பார்க்காமல் பேக்கப் எடுத்தாச்சு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்குப் பிறகு.