சாராயம் காய்ச்சிய ஓர்பா மூப்பரானாள்

இந்தோனேசியாவின் தெற்குக் கோடியில் இருக்கிற எங்கள் ரோத்தே தீவில் சபை மூப்பர் தேர்தலில் யாரும் தானாக நிற்பதில்லை. ஜனங்கள் சீட்டில் பேர் எழுதிப் போடுவார்கள், அதிகம் விழுந்த பேரைப் போதகர் வாசிப்பார். அதுதான் தேவனுடைய அழைப்பு. வேண்டாம் என்று சொல்ல இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் தைரியம் வந்தது. அந்த வருஷமே அவர் பனையிலிருந்து விழுந்தார். இன்னும் இடுப்பு நேராகவில்லை.

போதகர் லெங்குவுக்குக் குரல் மூக்கு வழியாகத்தான் வரும். அந்த ஞாயிறு அவர், "சகோதரீ... ஓர்பா... ம்புய்க்!" என்று குடும்பப் பேரோடு வாசித்ததும், ஓர்பா திரும்பி வேறு ஓர்பா யாராவது இருக்கிறாளா என்று பார்த்தாள். ஊருக்கே சாராயம் காய்ச்சுகிற ஓர்பா அவள் ஒருத்திதான்.

"ஏகமனதாய்!" என்றார் போதகர், அழாத குறையாக.

வாசலில் அவளுடைய நாள் தவறாத வாடிக்கைக்காரர் தோபியாஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குடிக்காத நேரத்திலும் அவர் நாக்கு தள்ளாடித்தான் நடக்கும். "அக்க்கா... ஆம்பளைங்க எல்லாரும் ஒனக்குத்தான் போட்டோம். காய்ச்சுறவளே மூப்பரு! இனிமே பிரசங்கத்துல சாராயத்தத் திட்டுவாங்களா? மாட்டாங்கல்ல?"

"அட மடையா, மூப்பரு சாராயமே காய்ச்சக்கூடாதுடா. சபைச் சட்டம்."

தோபியாஸ் வாயைப் பிளந்தார். "அத எவனும் சொல்லலியே!"

சட்டம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் பெண்கள். தோபியாஸின் மனைவி யுஸ்தினாவே தேனொழுகச் சொன்னாள்: "ஒன் சாராயப் பானை ஒடையணும்னு மூணு வருசமா வெள்ளிக்கிழம கூடி ஜெபம் பண்ணோம்க்கா. ஒடையல. அப்புறந்தான் சீட்டுல ஒம் பேர எழுதலாம்னு தோணுச்சு."

"அந்தப் பானையிலதான்டி எம் மக குப்பாங் டவுன்ல நர்ஸ் படிக்கிறா!"

"தெரியும்க்கா. அவளுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணோம்."

ஓர்பா நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். "ஐயா, இது தேவசித்தமா, இந்தப் பொம்பளைங்க சித்தமா?"

"தேவன் பெண்களையும் பயன்படுத்துவாரம்மா."

"குடிகாரனுங்களையும் பயன்படுத்துவாரா? அவனுங்களுந்தான் போட்டிருக்கானுங்க."

போதகர் தேநீரை ஊதினார். மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் வலிக்கு ஓர்பா வீட்டிலிருந்துதான் ஒரு புட்டி போகும்.

"பதநீரைப் பாகாக் காய்ச்சி விக்கலாமேம்மா."

"எல்லா வீட்டுலயும் பனை நிக்குது, எல்லா வீட்டுலயும் பாகு இருக்கு. யாரு வாங்குவா? நீங்க வாங்குவீங்களா?"

அவர் மறுபடி ஊதினார். தேநீர் எப்போதோ ஆறிவிட்டது.

வீட்டில் அவள் புருஷன் மெலியானுஸ், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அதில் இரண்டைச் செலவழித்தார். "ஒன் இஷ்டம்." பாளைக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பனையில் ஏறினார். காலையும் மாலையும் ஏறினால்தான் பதநீர் வரும். கீழே நின்ற ஓர்பாவுக்கு அவருடைய உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. வேண்டாம் என்று சொல்லிப் பனையிலிருந்து விழுந்தவர் நினைவுக்கு வந்தார்; மாட்டேன் என்று சொல்ல அவள் மறுபடி போதகர் வீட்டுக்குப் போகவில்லை.

போதகர் தலையில் கைவைத்து மூப்பராக்குகிற அபிஷேக ஞாயிறு வரை ஆண்கள் விடவில்லை. தோபியாஸ் வேலிக்கு வெளியே நின்று கத்தினார்: "வேதத்துல ஓர்பா மாமியாரோட கெளம்பிப் பாதி வழியில திரும்பிப் போனவதானக்கா? நீயும் திரும்பிப் போயிரு!"

"அவ புருஷன் செத்துப்போயிருந்தான்டா. எம் புருஷன் பன மேல இருக்கான்."

தோபியாஸ் அண்ணாந்து பார்த்தார். அதற்கப்புறம் கத்தவில்லை.

அபிஷேகத்தன்று புது மூப்பர்கள் கறுப்பு உடையில் வரிசையாக நின்றார்கள். போதகர் ஒவ்வொருவரையும் கேட்டார்: "சபையின் மூலமாய் தேவனே உன்னை அழைத்தார் என்று உன் இருதயத்தில் நம்புகிறாயா?" அதற்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பதில்தான்: ஆம், முழு இருதயத்தோடும். எல்லாரும் அதைச் சொன்னார்கள்.

ஓர்பா சொல்லவில்லை. பின்வரிசை ஆண்கள் நிமிர்ந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

போதகர் மறுபடி கேட்டார்.

"கூப்பிட்டது யாருன்னு தெரியலங்கய்யா. பொய் சொல்ல மாட்டேன். பயந்துதான் வந்திருக்கேன். சபை சொன்னதச் செய்யிறேன். அது போதும்னா கைய வைங்க, போதாதுன்னா வீட்டுக்கு அனுப்புங்க."

வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டாரா என்று அவள் முகம் கெஞ்சியது. போதகர் புத்தகத்தைப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் இல்லை. முதல் தடவையாக மூக்கில் அல்லாமல் தொண்டையில், "போதும்" என்றார். கை தலையில் இறங்கியது. ஓர்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சாராயம் வடிக்கிற மூங்கில் குழாய்களை அவளே பிடுங்கி அடுப்பில் வைத்து எரித்தாள். பதநீருக்குச் சட்டமெல்லாம் தெரியாது, அது இறங்கிக்கொண்டேதான் இருந்தது. புளிக்குமுன் பாகாகக் காய்ச்சியாக வேண்டும். ஜாடிகள் நிறைந்தன, வாளிகள் நிறைந்தன. மகளுடைய அடுத்த தவணைக்கு வழி எங்கே என்று தெரியவில்லை.

யுஸ்தினா எட்டிப் பார்த்தாள். "எவ்ளோ பாகு, மூப்பரக்கா!"

"ஒரு ஜாடி வாங்கிக்கிறியா?"

"எங்க வீட்டுலயே கெடக்கேக்கா..."

"அப்ப ஜெபம் பண்ணு. ஒன் ஜெபந்தான் கேக்கப்படுதே."

யுஸ்தினா சிரித்தாள். ஓர்பா சிரிக்கவில்லை. யுஸ்தினா அடுப்புச் சாம்பலிலேயே முழங்காலிட்டாள். ஓர்பாவால் முழங்காலிட முடியவில்லை. கையை எடுத்தால் பாகு அடிப்பிடித்துவிடும். கண்ணைத் திறந்தபடியே கிண்டிக்கொண்டிருந்தாள்.