பக்ரீத்துக்கு முந்தின நாளும் ஜப்பான் கல்லும்

எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாங்க. நடுவுல நடுவுல மறந்தும் போகுது. கத்தி தீட்டுற வேலைக்கு இப்போ ரெண்டொரு பொம்பளைங்க வராங்க, அவங்களுக்காக எழுதறேன்.

1. கல் வந்தது

காஞ்சிபுரத்துல ஒரு சாணைக் கடையில கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். முதலாளி பெரிய பாய்க்குக் கை வலி வந்தப்போ கல்லை என் பக்கம் தள்ளினார். அப்படியே வேலை படிஞ்சிடுச்சு. வர்றவங்க முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. கத்தியைப் பார்த்துத்தான் பேசுவேன்.

ஒரகடம் பக்கம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல சமைச்ச ஒரு ஜப்பான்காரர் கத்தி கொண்டு வருவார். ஊருக்குத் திரும்பும்போது தன் கல்லை என் கையில வச்சார். கூட வந்த டிரைவர் சொன்னார்: "இது மலையில வெட்டி எடுத்த கல்லாம்மா. ஃபேக்டரியில செஞ்சது இல்ல. உங்களுக்குத்தானாம், கடைக்கு இல்லியாம்."

சாம்பல் நிறக் கல்லு. இதைத் தண்ணியில ஊறப் போடக் கூடாது, அடுக்கு அடுக்கா விட்டுடும். தெளிச்சாப் போதும். கூட குடுத்த சின்னக் கல்லால மேலே தேய்ச்சா பால் மாதிரி சேறு வரும். அந்தச் சேறுதான் கத்தியைத் தீட்டுது. மத்த கல்லுல எல்லாம் முடிச்சிட்டு, கடைசியா இதுல போடணும். தறிக்காரங்க குடுக்கிற கழிவுப் பட்டு இழையை ஆணியில தொங்கவிட்டு அதுலதான் சோதிப்பேன். கத்தியை வச்சா இழை இழுபடாம அறுந்து விழணும்.

2. எண்ணெய்

பெரிய பாய் படுக்கையில விழுந்ததும் அவர் மகன் சின்ன பாய் கடைக்கு வந்தார். 'ஜப்பான் கல் சாணை'ன்னு போர்டு வச்சார். ஒரு நாள் சாப்பிட்டு வந்து பார்த்தா கல்லு மேல தேங்காயெண்ணெய்.

"இன்னா தம்பி இது?"

"வீடியோ எடுத்தேன்மா. பளபளன்னு இருந்தாதான எடுப்பா இருக்கும்? கல்லுக்கு எண்ணெய் போடறதுதான நம்ம வழக்கம்?"

அது எண்ணெய்க் கல்லுக்கு. இது தண்ணிக் கல்லு. கத்தி பிடிக்காம வழுக்கிக்கினு போச்சு. சோப்பு போட்டுக் கழுவி, மேல்பக்கத்தைத் தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள தோள்பட்டை விட்டுப் போச்சு.

3. குர்பானி கத்தி

பக்ரீத்துக்கு முந்தின நாள் கடை வாசல் நிரம்பிடும். குர்பானி குடுக்கிற ஆடு வதைபடக் கூடாது, கத்தி அவ்வளவு கூரா இருக்கணும், அதுதான் அவங்க முறை.

சின்ன பாய் என் காதுகிட்ட குனிஞ்சார். "எல்லாக் கத்தியையும் கரண்டுல சுத்துற எமரி சக்கரத்துல ஓட்டிட்டேன்மா. நீ அந்தக் கல்லுல சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துக் குடு. ஜனங்க பார்க்கணும், அவ்ளோதான்."

முதல் கத்தியை எடுத்தேன். ஓரமெல்லாம் நீலம் பாரிச்சிருந்தது. சூட்டுல இரும்போட பதம் போனாத்தான் அப்படி ஆகும். கறிக்கடை ரஹீம் பாயோட கத்தி அது. அவர் எதிர்லயே நின்னுக்கினு இருந்தார்.

"இன்னா சரோஜாம்மா, நம்ம ஆட்டுக்கு ஜப்பான் விசா கெடைச்சிச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது சக்கரத்துல கருகிப் போச்சு பாய். இதால அறுக்காதீங்க. பாதியில மழுங்கிடும், ஆடு துடிக்கும்."

சின்ன பாய் பல்லைக் கடிச்சார்.

"வாயை மூடிக்கினு தேய். இல்ல, எழுந்து போ. கல்லு இங்கயே இருக்கட்டும். என் கடைக்கு வந்த பொருள்."

"கல்லு என்னுது தம்பி. பொய்க்கு நான் அதைத் தர மாட்டேன்."

கல்லை முந்தானையில சுத்திக்கினு இறங்கினேன். அவர் கையை நீட்டினார். "தொட்டுப் பாரு"ன்னேன். என் குரல்தானான்னு எனக்கே தெரியல. அவர் கை கீழே போயிடுச்சு.

"இதைச் சரி பண்ண முடியுமாமா?" ரஹீம் பாய் கேட்டார்.

"கருகின ஓரம் போற வரைக்கும் கையால தேய்க்கணும். நேரமாகும்."

"எங்க உக்காருவ?"

"அதோ, அந்தப் பக்கம்."

எதிர்சாரியில ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்தேன். சொரசொரப்புக் கல்லு ரஹீம் பாய் கடையில இருந்து வந்தது. பாதிப் பேர் சாலையைத் தாண்டி வந்தாங்க, பாதிப் பேர் வரல. முடிஞ்சதைத் தீட்டினேன். சிலதை, "இது தேறாது, வேற கத்தி பாருங்க"ன்னு திருப்பிக் குடுத்தேன்.

இன்னைக்கும் அதே எதிர்சாரியிலதான் உக்காந்திருக்கேன். அவர் போர்டு அங்க இருக்குது. கல்லு இங்க இருக்குது.

நான் கத்துக்கினது இதுதான்: யார் வேணா கத்தியைச் சக்கரத்துல வைக்கட்டும், நம்ம கையால தீட்டினதுன்னு சொல்ல மட்டும் விடக் கூடாது.

இந்தக் கல்லைப் பத்தி ஜப்பான்காரர் சொன்னது டிரைவர் வாய் வழியா எனக்கு வந்தது. சேறு, அடுக்கு பத்தியெல்லாம் தப்பா எழுதியிருந்தா தெரிஞ்சவங்க பார்த்துத் திருத்துங்க. சின்ன பாய்கிட்ட நான் சொன்னதை மட்டும் திருத்த வேணாம்.