பெரியம்மா அழைத்துச் சென்றார்

குழந்தையை அழைத்துப் போக வருகிறவர் அதற்கு என்ன உறவு என்ற கேள்விக்கு, எத்தனை பதில்களோடு நிறுத்திக்கொள்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தரமணியில் மென்பொருள் வேலை. மழலையர் காப்பகங்களுக்கான செயலியில் இந்தக் கேள்விக்கு 'எனம்' எழுதியது நான்தான். எனம் என்றால், முன்கூட்டியே பெயர் சொல்லி மூடிவிட்ட வகைகள். வேறெதையும் நிரல் ஏற்காது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை, வேன் டிரைவர். ஒவ்வொரு வகைக்குள்ளும் அதற்கான விதியையும் வைத்தேன். உறவினர் என்றால் உடனே அனுப்பலாம். டிரைவர் என்றால் அம்மாவின் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும். 'மற்றவர்' என்றொரு வகை வேண்டாம் என்று அடம்பிடித்ததும் நான்தான். வைத்தால் எல்லாரும் அதையே அமுக்குவார்கள் என்று பயம்.

அடையாறில் என் மகள் இருக்கும் காப்பகமும் அந்தச் செயலிக்கு மாறியது. ஒரு மாலை மீட்டிங்கில் இருந்தபோது போனில் செய்தி வந்தது: 'பெரியம்மா அழைத்துச் சென்றார்.'

எனக்கு அக்கா கிடையாது. கணவருக்கு அண்ணனும் இல்லை. அவர் போனை எடுக்கவில்லை. காப்பகத்து ஆயாவை அழைத்தேன்.

"இன்னா மேடம், இப்டி பதறிக்கினு? உங்க கீழ்வீட்டு டீச்சரம்மாதான். சார் கிண்டில டிராபிக்ல மாட்டிக்கினாராம், அவங்கள அனுப்பிச்சாரு. உங்க ஆப்ல அவங்களுக்கு இடமே இல்ல. டிரைவர்னா போட முடியும்? பெரியம்மான்னு அமுக்கிட்டேன்."

வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் என் மகளுக்குப் பாலில் ரஸ்க் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"சர்ச்சுல பாதிப் பிள்ளைங்களுக்கு நான் பெரியம்மாதான். இனிமே எனக்கும் ஓடிபி கேப்பியாம்மா?"

மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி, "'மற்றவர்'னு ஒண்ணு சேத்து ஓடிபி கேளு மச்சி, முடிஞ்சுது" என்றாள். ஆனால் ஓடிபி வரும் நேரம் நான் போனைப் பார்க்காவிட்டால் குழந்தை வாசலிலேயே நிற்குமே? கேட்காமல் விட்டால், நாளை வேறு யாரையோ ஆயா நல்லெண்ணத்தில் பெரியம்மா ஆக்கிவிட்டால்? விதியை உறவிலிருந்து பிரித்து, யாரை நம்புவதென்று ஒவ்வொரு தாயையும் ஆள் ஆளாகச் சொல்லவிடலாமா? அப்படியானால் நான் எழுதிய எனம் எதற்கு?

செயலியின் அடுத்த பதிப்பு என் முடிவுக்காகக் காத்திருக்கிறது. பிள்ளையை அழைத்துவர வேறொருவரை நம்பி அனுப்பும் தாய்மார்களே, நிரல் எழுதுகிறவர்களே, டீச்சரை நான் எந்த வகையில் சேர்ப்பது? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.