அறுபத்தொரு நாள் மூடிய கண்

ராயபுரத்து அரிசிக் கிடங்கில் எலிக்காக வளர்த்த பெண்பூனையின் இடது கண் அறுபத்தொரு நாள் மூடியிருந்தது. சண்டையில் பிறாண்டல் பட்டு, இமை வீங்கி, சீழ் காய்ந்து ஒட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்த மறுவருடம் அது. நான் அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்; மூட்டையை எண்ணிய கை மற்றதையும் எண்ணும். இமை திறந்த அன்று அதன் நல்ல கண்ணை மறைத்துக்கொண்டு, இடது கண் முன்னால் ஒரு சாக்குக் கயிற்றை ஆட்டினேன். பத்து முறையில் ஒன்பது முறை குறி தப்பாமல் அடித்தது. “கணக்குப்புள்ள, வால்ல எத்தினி மயிருன்னும் எண்ணிட்டியா?” என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

அவர்களுடைய மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. காலடிப்பேட்டைக்காரர். பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு தங்கவில்லை. மிஞ்சியது நான்கு மாதப் பெண். அவளும் இரண்டு கண்ணிலும் வெண்புரையோடு பிறந்திருந்தாள். உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை என் மேசையருகே வந்து நின்றார்.

“இன்னா சார், நீ படிச்ச ஆளு. இத்தினூண்டு கொயந்த, கத்தி வெச்சா தாங்குமா? அஞ்சு வயசு ஆவட்டும்னு கீறோம். அதுக்குள்ள கண்ணு கெட்டுப்பூடுமா?”

“பூனையப் பாத்தீங்கல்ல மேஸ்திரி? ரெண்டு மாசம் மூடியிருந்தும் ஒண்ணும் ஆகல. உள்ள இருக்கற கண்ணு எங்க போயிடும்? உடம்பு தேறட்டும்.”

அவர் முகம் தெளிந்தது. எனக்கு அதில் பெருமை வேறு.

நான்கு வருடம் கழித்து அதே பூனை மூன்று குட்டி போட்டது. ஒரு குட்டிக்குக் கண் திறக்க வேண்டிய நாளிலேயே வலது இமை சீழில் ஒட்டிப்போயிற்று. மூட்டை அடுக்கின் பின்னால் கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்து, வெந்நீரில் கழுவித் திறந்துவிட்டபோது இதற்கும் இரண்டு மாதம் ஆகியிருந்தது. விழி கண்ணாடிபோல் இருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. நல்ல கண்ணைத் துணியால் கட்டிவிட்டுக் கயிற்றை இருபது முறை ஆட்டினேன். ஒரு முறைகூட அடிக்கவில்லை. தரையில் விட்டேன், நேராகப் போய் மூட்டையில் முட்டிக்கொண்டது. மறுவாரமும் அப்படியே.

தாய்ப்பூனை மூன்று வருடம் உலகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு அதன் கண் மூடியது. குட்டியின் கண் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ளவும் ஒரு பருவம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மூடியிருந்த நாட்களை எண்ணிய நான், அவை எந்த வயதில் வந்த நாட்கள் என்று யோசிக்கவில்லை.

மேஸ்திரியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது நாள் சொல்லவில்லை. ஒரு குட்டியை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்பு ஒரே ஒரு பூனையை வைத்துத்தான் முடிவு சொல்லியிருந்தேன்.

இருபதாம் நாள் சொன்னேன். அவர் திட்டவில்லை. பீடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அந்த மாதமே அறுவை நடந்தது. புரை சுத்தமாகப் போய்விட்டது, ஆனால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை, கைக்குழந்தையாக இருந்தபோதே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது; போன மாதம் எனக்கும் புரை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்த நிமிடமே எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்தேன். நர்ஸ் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணுக்கு ஆகாது என்று அதட்டினாள்.

அன்று மேஸ்திரியின் பெண்ணுக்குக் கட்டவிழ்த்து மூன்று மாதம் கழித்துக் காலடிப்பேட்டைக்குப் போயிருந்தேன். “வா கண்ணு, கணக்கு சார் வந்துகீறாரு” என்று மேஸ்திரி கூப்பிட்டார். அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, வழியில் இருந்த குடத்தையும் முறத்தையும் தொடாமல் சுற்றி, பதினோரு எட்டில் அவரை அடைந்தாள்.

“கண்ணத் தொறந்துகினு வாயேம்மா.”

“தொறந்தா வழி தெரில நைனா.”